வண்டியில ஒண்ணு

பேருந்தின் கடைசிப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, இடக்கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, வலக்கையை உள்ளே நீட்டி அழைத்தபடிதான் அந்த அம்மாள் என் நினைவில் வருகிறார். குன்னூரை அடுத்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா அவருடைய ஆட்சியில் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் நீண்ட தகரக்கூரை அறை அது. தோட்டம் முழுவதும் அவரை ஆயாம்மா என்றே அழைத்தது. அலுவலகத்தில் எழுத்தராக இருந்த எனக்கு அவருடைய இயற்பெயர் தெரியும். ஆனால் ஒருநாளும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. கோயில் கொண்ட அம்மனை நாம் ஊர்ப் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வோம். இவருக்கு அந்த அறையே ஊர்.

காரமடைப் பக்கத்திலிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பருத்த உடல், சன்னக் குரல், நெற்றி நிறையத் திருநீறு. குழந்தைகளை எண்ணுவதற்கு அவருக்கு ஒரு முறை இருந்தது. வாயால் எண்ணமாட்டார். ஒவ்வொரு தலையிலும் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து எடுப்பார். தொட்ட தலை கணக்கில் சேர்ந்தது. தொடாத தலை எங்கோ தவழ்ந்து போய்விட்டது. இதே முறையைச் சுற்றுலாவில் பெரியவர்களிடமும் கையாண்டார் என்பதுதான் வேடிக்கை. தேயிலைத் தொழிற்சாலையை நடத்திய டீமேக்கர், யாருக்கும் தலைவணங்காத மனிதர், தொப்பியைக் கழற்றி வழுக்கைத் தலையை அந்தக் கைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன். "நாப்பது வருசமா என் தலைய எவனும் தொட்டதில்லீங்க" என்று அவர் முணுமுணுத்தபோது, "அதாங்க முடி போயிருச்சு" என்றார் ஆயாம்மா.

ஆண்டுதோறும் தோட்டத்து மக்களை வெளியே அழைத்துப் போவது அவர் தானாக ஏற்றுக்கொண்ட திருப்பணி. முதற்பயணம் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளிலிருந்து நடந்தே போகலாம். ஆனாலும் கொழுந்து பறிக்கும் பெண்களில் பலர் அதன் வாயிலைக் கடந்ததில்லை. வெளியூர்க்காரர்களுக்கான இடம் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். "எங்கிருந்தோ வர்றவங்க உள்ள போறாங்க. நாம கேட்டோரமா நின்னு கல்லக்கா தின்னுட்டு ஊடு வந்து சேர்றோம். இது நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அனைவரையும் திரட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு விபரீதம் நேர்ந்தது. சரிவுப் பாதையின் ஓரத்தில் தேயிலைக்கு உறவுக்காரச் செடி ஒன்று வேலியாக வளர்ந்திருந்தது. பேசிக்கொண்டே நடந்த பெண்களின் விரல்கள், அவர்கள் அறியாமலே, அதன் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளத் தொடங்கிவிட்டன. காவலர் ஊதலோடு ஓடி வந்தபோது ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு பிடி தளிர் இருந்தது. பெண்கள் நடுங்கிப் போனார்கள். ஆயாம்மா காவலரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "திருடல சாமி. கையிக்கு இன்னைக்கு லீவுன்னு சொல்ல மறந்துட்டோம்" என்றார். காவலர் ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

அடுத்த ஆண்டுகளில் பயணங்கள் நீண்டன. முதுமலைக்குப் போனோம். அங்கே கூடலூரிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்த ஒருவர், "வாசல்ல வந்து வாழய முறிச்சிட்டுப் போற ஆனய டிக்கெட் எடுத்துப் பாக்கணுமா?" என்று முறுக்கிக்கொண்டார். "அது உங்க ஊட்டுக்கு வருது. நீங்க ஒருதாட்டி அது ஊட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று ஆயாம்மா அவரைத் தள்ளிக்கொண்டு போனார். பைக்காராவில் படகு ஏறினோம். பிறகு மலையை விட்டிறங்கிக் கடற்கரை ஊர்களுக்குப் போகத் தொடங்கினோம்.

அவ்வேளையில்தான் எனக்கும் அவருக்கும் வாதம் மூண்டது. திருமுறைப் பாடல்களோடு கண்விழித்து அவற்றோடு கண்ணயர்பவன் நான். சோழநாட்டுக்குப் போவதென்றால் பாடல் பெற்ற தலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வழிபட வேண்டும் என்பது என் எண்ணம். அவரோ பட்டியலில் பறவைக் காடு, அலையாத்திக் காடு, பழைய கோட்டை, மீன் அங்காடி எல்லாவற்றையும் சேர்த்தார். "ஆயாம்மா, இறைவனைக் காணப் போகும் வழியில் கொக்கு எதற்கு?" என்றேன்.

"ஏனுங்க கிளார்க்கய்யா, சாமியப் பாக்கப் போனா தள்ளு தள்ளுன்னு தள்ளி உட்டுர்றாங்க. சாமி பண்ணி வெச்சதப் பாக்கறதுக்கு எவனும் தள்ளறதில்லீங்களே."

நிலமும் நீரும் காற்றும் உயிருமாக நிற்பவன் அவனே என்று நாள்தோறும் ஓதுபவன் நான். அதை ஓதாதவர் சொன்னதும் வாதத்தை அத்தோடு விட்டேன். அதன்பின் பட்டியல் அவருடையது; பதிகம் என்னுடையது.

அவருடைய குணம் ஒரே சொல்லில் அடங்கும்: இறங்குங்க. எந்த இடமாயினும் வண்டி நின்றால் எல்லோரும் இறங்க வேண்டும். சன்னலிலிருந்து பார்த்தால் போதும் என்ற பேச்சு அவரிடம் செல்லாது. காய்ச்சல்காரர் சால்வையோடு இறங்கினார். கணவனோடு பேசாதிருந்த புதுப்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டே இறங்கினாள். தரங்கம்பாடியில் டீமேக்கர், "கோட்டை இங்கிருந்தே தெரியுதேம்மா, மஞ்சளா, பெருசா" என்று இருக்கையிலேயே சாய்ந்துகொண்டார்.

"தெரியறது வேறங்க, பாக்கறது வேறங்க. கால் மண்ணுல படோணும்."

"வெயில் கொளுத்துதும்மா."

"அதையுந்தான் பாக்க வந்திருக்கோம். நம்மூர்ல கெடைக்குங்களா இந்த வெயில்?"

டீமேக்கர் இறங்கினார். இறங்கியதும் தலைகள் தொடப்பட்டன. எல்லாத் தலைகளையும் தொட்டு முடித்தபின், கடற்கரை ஊர்களில் மட்டும், ஆயாம்மா பேருந்தைத் திரும்பிப் பார்த்துச் சற்றே குரல் தாழ்த்திச் சொல்வார்: "வண்டியில ஒண்ணு."

அந்த ஒன்று யார் என்பதை இனிச் சொல்ல வேண்டும். கவ்வாத்து வெட்டுவதில், அதாவது முதிர்ந்த தேயிலைச் செடியை அடிக்கிளை வரை வெட்டித் துளிர்க்க வைப்பதில், எங்கள் தோட்டத்தில் மூத்தவர் அவர். இலங்கையின் மலைத்தோட்டத்தில் பிறந்து, பையனாக இருந்தபோது தாயோடு கப்பலேறி வந்தவர். லைன் வீட்டை லயம் என்பார். காலையில் வேலைக்குக் கூடுவதைப் பிரட்டு என்பார். எந்தச் சுற்றுலாவையும் தவறவிட்டதில்லை. பூங்காவில் இறங்கினார். முதுமலையில் இறங்கினார். பைக்காராவில் படகில் முதலில் ஏறியவரே அவர்தான். ஆனால் கடல் தெரியும் இடத்தில் வண்டி நின்றால் துண்டை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்.

"அண்ணா, எறங்குங்க" என்று ஆயாம்மா படியில் நின்று அழைப்பார்.

"நீங்க போயிட்டு வாங்க ஆயாம்மா. நான் சாமான்களப் பாத்துக்கிறேன்."

"சாமான் எங்கயும் போகாதுங்க."

"நானும் எங்கயும் போக மாட்டேன் ஆயாம்மா."

ஊரையே இறக்கியவருக்கு இது ஒன்று மட்டும் முள்ளாக உறுத்தியது. பொரி வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், ஒருமுறை வண்டியில் பாம்பு என்றுகூடக் கத்திப் பார்த்தார். துண்டுக்கு உள்ளேயிருந்து, "அதுவும் இருந்துட்டுப் போகட்டும்" என்று பதில் வந்தது. "அடுத்த வருசம் எறக்கிப் போடுவனுங்க, பாருங்க" என்று என்னிடம் உறுதியாகச் சொல்வார். அவருடைய உறுதியில் ஒருபோதும் விரிசல் கண்டதில்லை.

பிறகு தேயிலைக்குக் கெட்டகாலம் வந்தது. பச்சைக் கொழுந்தின் விலை, பறித்த கூலிக்கே போதாத அளவுக்குச் சரிந்தது. தொழிற்சாலைச் சக்கரங்கள் வாரத்தில் பாதி நாள் ஓய்ந்து கிடந்தன. லைன் வீடுகளிலிருந்து கட்டிலும் குடமுமாகச் சாமான்களை ஏற்றிய லாரிகள் திருப்பூரை நோக்கி இறங்கின. பிள்ளைக் காம்பராவில் தூளிகள் குறைந்துகொண்டே வந்தன. ஆயாம்மாவின் கை, முன்பெல்லாம் தலையிலிருந்து தலைக்குத் தாவியது, இப்போது ஒவ்வொரு தலையிலும் சற்றுத் தங்கியது.

போதாக்குறைக்கு அந்த ஆண்டு உறைபனி மாசி வரை நீண்டது. புல்லின் மேல் உப்பைத் தூவியதுபோல வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் இளந்துளிரைத் தீயாய்க் கருக்கிவிடும் பனி அது. வெயில் படுமுன் தண்ணீர் தெளித்தால் தப்பிக்கும் என்று விடியலில் எல்லோரும் குடத்தோடு ஓடுவோம். கவ்வாத்துக்காரர் அந்த ஆண்டு வெட்டிவிட்ட பள்ளக்காடு அழகாகத் துளிர்த்திருந்தது. அவர் வெட்டிய கடைசிக் காடு அது. பங்குனியில் மகள் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போவதாக முடிவு செய்திருந்தார். ஒரு விடியலில் அவர் தண்ணீரோடு போய்ச் சேர்வதற்குள் வெயில் முந்திக்கொண்டது. கருகிய காட்டின் நடுவே வெறும் குடத்தோடு நின்ற அவரை நான் பார்த்தேன்.

இந்த நிலையில் சுற்றுலாவா என்று பலரும் கேட்டார்கள். "போறவங்க போறதுக்கு முந்தி எல்லாரும் ஒருக்கா ஒண்ணாப் போயிட்டு வந்தர்லாமுங்க. அரிசி அவங்கவங்க ஊட்டுலிருந்து கொண்டாங்க. அடுப்பு எங்க வேணாலும் கூட்டலாம்" என்றார் ஆயாம்மா. இடம் கோடியக்கரை: மான் ஓடும் காடும், பூநாரை வந்திறங்கும் சதுப்பும், கடலும் உள்ள இடம். என் பொருட்டு வேதாரணியம் கோயிலும் சேர்ந்தது. ஆனால் அவர் மனத்தில் வேறொன்றும் இருந்தது. கவ்வாத்துக்காரர் மலையில் இருக்கும் கடைசிச் சுற்றுலா இது. இவரை இந்த முறை இறக்காவிட்டால் இனி எப்போதுமில்லை.

அந்தியில் வேதாரணியத்தில் வழிபாடு முடித்தோம். சாத்தியிருந்த கதவு அடியார் பாட்டுக்குத் திறந்தது என்று எங்கள் மரபு போற்றும் தலம் அது. அந்த வரலாற்றை நான் குளக்கரையில் சொன்னேன். ஆயாம்மா கவனமாகக் கேட்டார்.

"ஒரு பாட்டுல தொறக்கலீங்களா?"

"இல்லை அம்மா. பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது."

"பாடுனாத் தொறக்கற கதவு நல்ல கதவுங்க" என்று சொல்லி, சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த கவ்வாத்துக்காரரை நோக்கித் தாடையை நீட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்தபின், யாரும் கேளாமலே அவராகப் பேசினார்.

"தலைமன்னார்க் கரையில எங்கப்பா நின்னுக்கிட்டு, அடுத்த கப்பல்ல வந்துருவேன்னு கைய ஆட்டுனாரு ஆயாம்மா. எங்க பேரு இந்தியாவுக்கு அனுப்புற தாள்ல, அவரு பேரு வேற தாள்ல. வரல்ல. கொஞ்ச நாளைக்குக் காயிதம் வந்துச்சு, அதுவும் நின்னு போச்சு. கடலப் பாத்தா என் கண்ணு கப்பலத் தேடுது. தேடுற கண்ண நான் எங்க கொண்டுபோய் வைக்க?"

ஆயாம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அண்ணா, நாளைக்கு உங்கள எறங்கச் சொல்ல மாட்டனுங்க" என்றார்.

"என்ன தந்திரம் இது ஆயாம்மா? பாம்பு தேளு எதுவும் வருமா?"

"தந்திரமில்லீங்க. வாரதுக்கு அடம் புடிக்கற கொழந்தையக் கூப்புடுவேன். பயந்து அழுவற கொழந்தைய ஒருநாளும் இழுத்துட்டுப் போனதில்லீங்க. நீங்க அடம் புடிக்கறீங்கன்னு இத்தன நாளா நெனச்சுட்டேன்."

இறங்கச் சொல்லமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்து நான் கேட்டது அதுவே முதல்முறை. வாக்குக் கொடுத்தால் மாறுகிறவரும் அல்லர்.

விடியுமுன் கோடியக்கரைக்குப் புறப்பட்டோம். மலையில் பழகிய பழக்கத்தில் அனைவரும் சுவெட்டர் போட்டுக்கொண்டு, அதற்குள் வியர்த்துக்கொண்டு, உறங்கிக்கொண்டிருந்தார்கள். சாலையில் மூடுபனி. முன்கண்ணாடியைத் துடைப்பதற்காக ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். எனக்கு முன் இருக்கையில் இருந்த கவ்வாத்துக்காரர் கண் விழித்தார். சன்னலுக்கு வெளியே, அரைவெளிச்சத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிலம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"பனி! பனி உழுந்திருச்சு! எந்திரிங்க, வெயில் வந்துரும்!"

பேருந்தே அதிர்ந்தது. யாரும் தடுக்குமுன் அவர் எங்கள் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, படியில் நின்ற ஆயாம்மாவை இடித்துக்கொண்டு இறங்கி ஓடினார். அரைத்தூக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பெண்களும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அவர்களுக்கும் அது பள்ளக்காடாகத்தான் தெரிந்திருக்கிறது. அவர் வரப்பில் ஏறிக் கையால் தண்ணீரை வாரி வாரித் தெளித்தார்.

"அய்யய்யோ! என்னாண்ணே பண்றிய?" மூடுபனிக்குள்ளிருந்து ஒருவர் மரப்பலகை கட்டிய நீண்ட கழியோடு ஓடி வந்தார். "விளைஞ்ச உப்புல நல்ல தண்ணிய ஊத்துறியளே! கரைஞ்சிறாது?"

கவ்வாத்துக்காரர் குடத்தோடு அப்படியே நின்றார். காலடியில் கிடந்த வெண்மையை விரலால் தொட்டார். குளிரவில்லை. நாவில் வைத்தார்.

"உப்பா?"

"பின்ன என்னன்னு நெனச்சிய?"

"பனின்னு நெனச்சேன் தம்பி. எங்க மலையில இந்த மாதிரி விழுந்தா எல்லாம் கருகிப்போகும்."

"இங்க விழுறது இல்லண்ணே, விளையிறது" என்ற உப்பளத்துக்காரர், அவர் பேச்சின் ஒலியைக் கேட்டு உற்றுப் பார்த்தார். "அக்கரையா நீங்க?"

"முந்தி." கொஞ்சம் பொறுத்து அவரே கேட்டார்: "கடலு எங்கிட்டு இருக்கு?"

"எங்கிட்டா! கடல்லதான நிக்கிறிய. வாய்க்கால் வழியா வந்த கடல் தண்ணிதான் இப்படிக் காஞ்சு கெடக்கு."

கவ்வாத்துக்காரர் தம் கால்களைக் குனிந்து பார்த்தார். அவர் அழப்போகிறார் என்றே நான் நினைத்தேன். அவர் சிரித்தார். தோள் குலுங்க, குடத்துத் தண்ணீர் சிந்தச் சிந்தச் சிரித்தார். "இத்தன வருசமா இதத்தான சோத்துல போட்டுத் தின்னுருக்கேன்" என்றார்.

ஆயாம்மா பேருந்தின் படியிலேயே நின்றிருந்தார். வென்றவர் முகம் அல்ல அது. தூளியில் விழித்த குழந்தை தானாக எழுந்து உட்காருகிறதா என்று மூச்சடக்கிப் பார்க்கும் முகம். கவ்வாத்துக்காரர் திரும்பி வந்தபோது காலைத் துடைத்துக்கொள்ளத் துண்டை மட்டும் நீட்டினார்.

கடற்கரையில் வண்டி நின்றது. மூடுபனி விலகி, நீர் முழுவதும் பொன்னாகிவிட்டிருந்தது. ஆண்டாண்டாக ஒலித்த இறங்குங்க என்ற சொல் அன்று ஒலிக்கவில்லை. உள்ளே அனைவரும் அதற்குக் காத்திருந்து, அது வராததால் யாரும் எழாமல் உட்கார்ந்திருந்தோம். ஆயாம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தம் இருக்கையில் இருந்தார். அவர் அழைத்தால் அது எல்லோரையும் அழைத்ததாகும். எல்லோரிலும் கவ்வாத்துக்காரரும் உண்டு.

கவ்வாத்துக்காரர் எழுந்தார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். படியில் இறங்கி, ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்து, கையை உள்ளே நீட்டினார்.

"ஆயாம்மா, எறங்குங்க."

அந்தக் கையைப் பற்றிக்கொண்டு அவர் இறங்கினார். பின்னால் நாங்கள் இறங்கினோம். மணலில் இருவரும் சற்று முன்னே போய் நின்றார்கள்.

"தேடுதுங்களா?" என்று ஆயாம்மா கேட்டது என் காதில் விழுந்தது.

"தேடுது. தேடட்டும். கண்ணு இருக்கிறது அதுக்குத்தான."

நான் பதிகம் பாடத் தொடங்கினேன். தொலைவில் சதுப்பின் மேல் பூநாரைகள் இளஞ்சிவப்பாக எழுந்து, ஒரு வளைவு வளைந்து, மீண்டும் அமர்ந்தன. பெண்கள் சுவெட்டர்களைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு அலையில் கால் நனைத்தார்கள்.

அடுத்த மாதம் கவ்வாத்துக்காரர் திருப்பூர் போனார். தொழிற்சாலை நின்று, பிறகு வேறு கைக்குப் போனது. பிள்ளைக் காம்பராவும் மூடப்பட்டது. ஆயாம்மா காரமடைக்கே திரும்பி, சில ஆண்டுகளில் இறைவன் திருவடி சேர்ந்தார். கடைசிவரை பக்கத்து வீட்டாரைத் திரட்டி எங்காவது போய்க்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். ஐயம் கொள்ளவில்லை.

அன்று கடற்கரையில் பாட்டு முடிந்ததும் அவர் தலைகளைத் தொடத் தொடங்கினார். டீமேக்கர் கேளாமலே தொப்பியைக் கழற்றினார். என் தலையில் கை பட்டது. கடைசியாகத் துண்டு கட்டிய தலையில் அந்தக் கை போய் அமர்ந்து, எடுக்க மறந்ததுபோல் இருந்தது. வழக்கப்படி ஆயாம்மா பேருந்தைத் திரும்பிப் பார்த்தார். வாய் அந்தச் சொற்களுக்குத் திறந்து, நின்றது.

"கிளார்க்கய்யா, வண்டியில ஆருமில்லீங்க" என்றார்.

"நான் இருக்கனுங்க ஆயாம்மா" என்று உள்ளேயிருந்து ஓட்டுநர் குரல் கொடுத்தார்.

"உங்களுக்குத் தனியாச் சொல்லோணுமா தம்பி? எறங்குங்க!"